முதலாளியின் முன்பல்லும் ஒரு புதுப் போனும்

முதலாளி பேச ஆரம்பித்தால் அவள் அவருடைய பல்லைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. செயற்கைப் பல் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள், எதிரே ஒரு வாய் திறந்திருந்தால் வேறு எங்கே பார்ப்பாள்? இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பல்லின் நிறத்தில் கவனம் போய்விட்டால் காதில் விழுவது பாதியாகக் குறைந்துவிடும். மீதிப் பாதி போதும், பதில் சொல்ல. பதில் எப்போதும் "சரி சார்" தான்.

லேப் ஒரு தையல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே கேப், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறை, செய்து திருப்பி அனுப்புவார்கள். ஒருவர் அச்சு வார்ப்பார், ஒருவர் வடிவம் கொடுப்பார், ஒருவர் தேய்ப்பார். கடைசியில் அது அவளிடம் வரும், நிறத்துக்காக. புதுப் பல், பக்கத்துப் பற்களோடு கலந்துவிட வேண்டும். கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது; தெரியாததால் யாரும் பாராட்டுவதில்லை. கலக்காவிட்டால் அந்த ஆள் சிரிக்கும்போதெல்லாம் ஊருக்கே தெரியும். அப்போது மட்டும் அவள் இருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

லேபில் நிறத்தை ஷேடு என்பார்கள். அதனால் அவள் ஷேடக்கா. முதலாளியைவிடப் பதினாறு வயது சின்னவள். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஷேடக்காவின் நாற்காலி வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. அங்கே வெயில் நேராக அடிக்காது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே மாதிரி வெளிச்சம். பல்லின் நிறத்தை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். உள்ளே ட்யூப் லைட்டில் எல்லாப் பல்லும் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரித் தெரியும். அந்த நாற்காலிக்கு வர அவளுக்கு ஒன்பது வருடம் ஆனது. அந்த ஒன்பது வருடமும் பேக்கிங் மேஜை: கேப்பைப் பஞ்சில் வைத்து, டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டி, கூரியருக்குக் கொடுப்பது. அந்த மேஜை ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே, கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே.

அவளுக்கு முதலாளிகள் இரண்டு பேர். ஒருவரிடம் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் தங்கள் அதிர்ஷ்டத்தை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர் முதலாளி. அவர் டைப் செய்யமாட்டார்; குரலிலேயே அனுப்புவார். ஒவ்வொன்றும், "ஒண்ணுமில்ல, ஒரே ஒரு விஷயம்" என்று தொடங்கி நான்கு நிமிடம் ஓடும். இன்னொருவர் அவருடைய மருமகள், மேனேஜர். மேடம் குரலையும் அனுப்பமாட்டார், எழுத்தையும் அனுப்பமாட்டார். கேள்விக்குறி அனுப்புவார். ஒன்று வந்தால், எங்கே. இரண்டு வந்தால், இன்னுமா. மூன்று வந்தால், உடனே கேபினுக்கு வா.

மாமனாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடி அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நேருக்கு நேர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மேடம் வாய் நிறையச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நேர்மாறானதை ஊழியர்களுக்கு அனுப்புவார். முன்பல்லை முதலில் முடி என்று அவர். கடைவாய்ப்பல்லை முதலில் முடி என்று இவர். ஷேடக்கா இருவருக்கும் 'சரி' அனுப்பிவிட்டு, எது முதலில் காய்கிறதோ அதைப் பல் சுடும் அடுப்பில் வைப்பாள்.

இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, சுவரில் அந்தக் காகிதம் ஒட்டப்படும்வரை. மூன்று மாதத்தில் மூன்று ரிடர்ன் வந்தால், அதாவது நிறம் சரியில்லை என்று மூன்று பல் திரும்பி வந்தால், சம்பந்தப்பட்டவர் பேக்கிங்குக்கு மாற்றப்படுவார். சம்பந்தப்பட்டவர் என்று லேபில் ஒருத்திதான் இருந்தாள். மேடத்துக்கு அந்த ஜன்னல்மேல் ஒரு கண். கம்பெனிக்கு வீடியோ எடுத்துப் போட நல்ல இடமாம். "நல்ல லைட்டு வேஸ்ட்டா போகுது" என்று அவளுடைய தலைக்கு மேலாகவே அளவு பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

ரிடர்ன் ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டது. இரண்டும் புதுப் போன்களின் கைங்கர்யம். டாக்டர்கள் நோயாளியின் பல்லைப் போனில் படமெடுத்து அனுப்புவார்கள். புதுப் போன்கள் முகத்தைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. தோலை வழவழப்பாக்கி, பல்லை வெளுத்துவிடும். படத்தை நம்பிச் செய்தால் வாயில் ஒரு பல் மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு. ஷேடு கைடு என்று ஒன்று எல்லா கிளினிக்கிலும் இருக்கிறது: குச்சி நுனியில் வைத்த பதினாறு மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தும் எண்ணும்; எண் ஏற ஏற மஞ்சளும் ஏறும். படமெடுக்கும்போது அதில் ஒன்றைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். போன் இரண்டையும் சேர்த்து வெளுக்கும்; எண் தெரிந்த பல்லை வைத்து மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம். டாக்டர்களுக்கு அதைத் தேடி எடுக்க நேரமில்லை. ஷேடக்கா இதை முதலாளியிடம் பதினோரு தடவை சொல்லியிருந்தாள்.

"கஸ்டமர்கிட்ட போயி அதைப் புடி, இதைப் புடின்னு சொல்ல முடியுமா? நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பார் அவர். நாம் என்றால் அவள்.

இந்த நிலைமையில்தான் மேடம் ஒரு புது ஆப் கொண்டுவந்தார். வருகைப் பதிவும் அதில்தான், ஒப்புதலும் அதில்தான். செய்து முடித்த பல்லை அவரவர் போனில் படமெடுத்து ஏற்ற வேண்டும். நோயாளியின் படமும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். முதலாளி பச்சையை அழுத்தினால் பல் டாக்டருக்குப் போகும். சிவப்பை அழுத்தினால் அதுவும் ரிடர்ன் கணக்கு. திங்கட்கிழமைக்குள் எல்லாரும் ஆப்பைப் போட்டிருக்க வேண்டும்.

ஷேடக்காவின் போன் அந்த ஆப்பை ஏற்கவில்லை. ஆறு வருடப் பழசு. கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். உள்ளே பதினோராயிரம் பல் படங்கள். ஒருமுறை மச்சினர் புது வீட்டுப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டபோது, இவள் பாராட்டுக்குப் பதிலாக யாரோ ஒருவருடைய கடைவாயை அனுப்பிவிட்டாள். அந்தப் போனில் ஒரு நல்ல குணம் இருந்தது. உள்ளது உள்ளபடி காட்டும். பொய் சொல்லுமளவுக்கு அதற்கு அறிவு கிடையாது.

புதுப் போன் வாங்கப்போகிறாள் என்றதும் அவள் கணவர் வேலையில் இறங்கிவிட்டார். மனுஷர் மூன்று நாள் சோபாவைவிட்டு எழவில்லை. போன்களை ஒப்பிடும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார்.

"இதுல புராசஸர் சூப்பரும்மா. அதுல பேட்டரி நிக்கும். இது சூடாகாது."

"பல்லு சரியா தெரியுமாங்க?"

"அதை எவனும் சொல்ல மாட்டேங்கறானே."

"அப்புறம் மூணு நாளா என்னதான் பாத்தீங்க?"

கல்லூரியில் படிக்கும் மகள் தன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா, எல்லாரும் நல்லா தெரியறதுக்காக போன் வாங்குவாங்க. உள்ளது தெரியணும்னு தேடற ஒரே ஆளு நீதான்."

சனிக்கிழமை மதியம் கணவரும் அவளும் கடைக்குப் போனார்கள். கறுப்புச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒரு விற்பனையாளர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே அவளுக்கு நம்பர் தெரிந்துவிட்டது. ஏ மூன்றரை. தேநீர் அதிகம்.

"கேமிங்குக்கா மேடம், கேமராவுக்கா?"

"பல்லுக்கு."

"எதுக்கு மேடம்?"

"பல்லு உள்ளபடி தெரியணும். அப்படியே சிரிங்க தம்பி, வாயை மூடாதீங்க."

அவள் கைப்பையைத் திறந்து லேபின் பழைய ஷேடு கைடை எடுத்தாள். கணவர் சத்தமில்லாமல் நகர்ந்து, சார்ஜர்கள் தொங்கும் பக்கம் போய், ஒரு வயரின் நீளத்தைப் பற்றி ஆழமாக யோசிக்க ஆரம்பித்தார். விற்பனையாளர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் முதல் போனில் எடுத்தாள். படத்தில் அவருக்குப் பதினெட்டு வயது. பல் ஏ ஒன்று. இரண்டாவது போனில் இன்னும் ஒரு படி. நான்காவது போனில் எடுத்த பல்லுக்கு ஷேடு கைடிலேயே எண் இல்லை. குளியலறை ஓடு விற்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

"இதுல இருக்கறது யாரு தம்பி?"

"நான்தான் மேடம்" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாக. "அந்த பியூட்டியை ஆஃப் பண்ணிக்கலாம். இருங்க." ஆஃப் பண்ணினார். மறுபடி எடுத்தார்கள். ஓடு கொஞ்சம் பழைய ஓடாக மாறியது, அவ்வளவுதான்.

"ஆஃப் பண்ணினீங்களா இல்லையா?"

"ஆஃப்தான் மேடம். ஆஃப் பண்ணாலும் கொஞ்சம் பண்ணும். அதோட சுபாவம் அப்படி."

இதற்குள் மற்ற விற்பனையாளர்கள் சுற்றிக்கொண்டார்கள். "எனக்கு என்ன நம்பர்னு பாருங்க மேடம்" என்று ஒருவர் வாயைக் காட்டினார். அவள் பார்த்துச் சொன்னாள். அவர் அதன்பிறகு அந்தப் பக்கம் சிரிக்கவில்லை. முதல் ஆள் பொறுமையாக ஏழு போன்வரை பல்லைக் காட்டிவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மேடம், அஞ்சு வருஷமா இந்தக் கடையில நிக்கறேன். என் மூஞ்சி இருக்கற மாதிரியே காட்டற போன் குடுங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்ல."

அவள் வெறுங்கையோடு வீடு திரும்பினாள். பொய் சொல்லும் கருவியைக் காசு கொடுத்து வாங்கி அதை நம்பி நிறம் பார்ப்பதற்கு, கண்ணைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம் என்பது அவள் கட்சி.

திங்கட்கிழமை காலை மேடத்திடமிருந்து மூன்று கேள்விக்குறி வந்தது. அவள் கேபினுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதலாளியின் அறையில் ஒரு சத்தம் கேட்டது. அவசரமாகப் போக வேண்டிய கூரியர் பொட்டலம் ஒன்றில் சீட்டு தப்பாக ஒட்டியிருந்ததாம். கத்தரிக்கோல் வருவதற்கு அரை நிமிடம் ஆகும். முதலாளிக்கு அரை நிமிடம் காத்திருந்து பழக்கமில்லை. டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தார். டேப் வரவில்லை; மேல்வரிசை முன்பல் பாதி வந்தது.

உடைந்த பல்லோடு அவர் ஓடியது, லேபின் மிகப் பெரிய வாடிக்கையாளரான பல் டாக்டரிடம். டாக்டர் பல்லைச் சீராக்கி, அளவெடுத்து, ஷேடு கைடைக் கையில் எடுத்தாராம். "அதெல்லாம் வேணாம் டாக்டர், எங்க லேபுல பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி தன் புத்தம்புதுப் போனை எடுத்து, சிரித்து, தானே ஒரு படமெடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டார். பின்னாலேயே ஒரு குரல்.

"ஒண்ணுமில்ல, ஒரே ஒரு விஷயம். என் கேஸ் வருது. வியாழக்கிழமை சாயங்காலம் சங்கத்துல எனக்கு விருது குடுக்கறாங்க, போட்டோவெல்லாம் எடுப்பாங்க. மதியமே பல்லு வாயில இருக்கணும். நான் அனுப்பின போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியே வேணும். ஒரு பாயிண்ட் மாறக் கூடாது." மீதி மூன்று நிமிடம் கத்தரிக்கோலைப் பற்றி.

ஷேடக்கா படத்தைப் பார்த்தாள். முதலாளியின் சிரிப்பு பாலில் கழுவியதுபோல் இருந்தது. அந்த வாயை அவள் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவருகிறாள். ஒரு நாளைக்குப் பத்து காபி. வாயின் சொந்தக்காரருக்கு மட்டும் அந்தச் சங்கதி தெரியாது. அவர் கண்ணாடி பார்ப்பதை விட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்து வெகுநாள் ஆகிறது.

அவர் திரும்பி வந்ததும் ஷேடு கைடை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

"சார், ஒரு நிமிஷம் ஜன்னல்பக்கம் வந்தீங்கன்னா..."

"போட்டோ அனுப்பிட்டேனே. எல்லா கஸ்டமரும் போட்டோதானே அனுப்பறாங்க? நான் முதலாளிங்கறதுக்காக எனக்கு மட்டும் ஸ்பெஷலா?" நியாயம் பேசிய பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒரே ஒரு தடவை சார்" என்று அவள் ஏ நாலு மாதிரிப் பல்லை நீட்டினாள். கைடில் அந்த வரிசையின் கடைசிப் பல் அது.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோட பல்லு இது? குதிரையோடதா? எடுத்துட்டுப் போ."

வெளியே மேடம் நின்றுகொண்டிருந்தார். "மாமா போட்டோல எப்படி இருக்கோ அப்படியே பண்ணிடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நேச்சுரலா இருக்கணும், சரியா?"

"சரி மேடம்."

நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும்தான் அவளுக்கு முழுதும் உறைத்தது. படத்தில் இருப்பதுபோல் வெள்ளையாகச் செய்தால், ஆப்பில் பச்சை விழும். ஆனால் வாயில் வைத்ததும் பழுத்த வரிசையில் ஒரு பல் விளக்குப் போட்டதுபோல் நிற்கும். விருது மேடையில் அது ஒன்றுதான் தெரியும். வாயில் இருப்பதுபோல் செய்தால் வாய்க்குப் பொருந்தும், ஆனால் ஆப்பில் அவர் சிரிப்புக்குப் பக்கத்தில் குதிரைப் பல்லாகத் தெரியும், சிவப்பு விழும். எந்தப் பக்கம் போனாலும் மூன்றாவது ரிடர்ன். எந்தப் பக்கம் போனாலும் கழிவறைக் கதவுக்கு எதிரே அந்த மேஜை.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி தானாகவே ஜன்னல்பக்கம் வந்தார். அவள் இன்னும் போன் வாங்கவில்லை என்ற செய்தி அவருக்குப் போயிருந்தது.

"ஊர்ல உள்ளவனெல்லாம் வாங்கிட்டான். உனக்கு மட்டும் என்ன? பேக்கிங்ல இருக்கற பொண்ணு வாங்கிட்டா. கீழ டெய்லர் வாங்கிட்டான்."

வடக்கு வெளிச்சம் அவர் வாய்க்குள் நேராக விழுந்தது. ஷேடக்கா மடியில் இருந்த காகிதத்தில் பென்சிலை வைத்தாள். ஈறு ஓரத்தில் பழுப்பு. நடுவில் ஏ நாலைவிட ஒரு பிடி கூடுதல் மஞ்சள். நுனியில் சாம்பல் கலந்த கண்ணாடித்தன்மை. பக்கத்துப் பல்லில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய விரிசல். அதில் காபி இறங்கியிருந்தது. எழுதிக்கொண்டே வந்தாள். நுனியின் இடது மூலைக்கு வருவதற்குள் அவர் மூச்சு வாங்க வாயை மூடிவிட்டார்.

"சார், அந்த ஆப் பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவர் திகைத்துப்போய், பிறகு முழு வாயையும் திறந்தார். ஒரு வாரமாகச் சொல்லப்பட்டுவருகிற ஆப்பின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாத ஊழியர்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தொழில் நடத்துவது என்பதுபற்றி விரிவாகப் பேசினார். இடது மூலை கிடைத்தது. வலது மூலைக்காக, "அது பழைய போன்லயே ஓடாதா சார்?" என்று இன்னொன்று கேட்டாள். அதுவும் கிடைத்தது.

அவர் போனதும் பேக்கிங் பெண் பக்கத்தில் வந்து, "என்னக்கா இது, வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கறீங்க?" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

"இரு, கண்ணுல நிக்கறப்பவே கலக்கணும்" என்று ஷேடக்கா தூளை எடுத்தாள்.

செவ்வாய் முழுதும், புதன் காலையும் அந்த ஒரு பல்தான். தூளைக் குழைத்து, தூரிகை நுனியால் வைத்து, அடுப்பில் சுட்டு, ஜன்னலில் பார்த்து, மறுபடி வைத்து. விரிசலைக்கூடப் போட்டாள். கையில் எடுத்துப் பார்த்தால் இந்தப் பல்லைச் செய்ததற்கு யாரும் சம்பளம் கொடுக்கமாட்டார்கள் என்று தோன்றியது. அவ்வளவு சரியாக வந்திருந்தது.

வாய்க்கு வேலை முடிந்தது. இனி ஆப்புக்கு. பேக்கிங் பெண் அந்த நேரம் ஜன்னலில் நின்று புதுப் போனில் தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்காக்கா?" என்று காட்டினாள். நல்லாத்தான் இருந்தாள். அவளுடைய பி மூன்று, பி ஒன்று ஆகியிருந்தது. ஷேடக்கா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏண்டி, கொஞ்சம் சிரி" என்றாள்.

முதலாளியின் பல்லை ஒரு குச்சியில் ஒட்டி, பேக்கிங் பெண்ணின் உதட்டுக்கு முன்னால் பிடித்து எடுத்துப் பார்த்தாள். குதிரைப் பல் மூன்று படி வெளுத்தது. அவர் படத்தின் வெள்ளைக்கு அது இன்னும் பற்றாது. ஆப்பில் அவரவர் போனிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்றும் விதி. மதிய உணவு நேரம் தொடங்கியிருந்தது. ஷேடக்கா பல்லையும் பையையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அவளைக் கண்டதும் அந்த விற்பனையாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க தம்பி. அன்னிக்கு எல்லாத்துலயும் அதிகமாப் பொய் சொன்ன போன் எது?"

"நாலாவது மேடம்."

"அதை எடுங்க. நீங்க கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரித்தார்; அவள் பல்லைப் பிடித்தாள்; போன் தன் சுபாவத்தைக் காட்டியது. படத்தைப் பழைய போனில் இருந்த முதலாளியின் சிரிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஓடு, ஒரே கடை.

"அன்னிக்கு இதைக் கையாலயும் தொடமாட்டேன்னீங்களே மேடம்" என்றார், பில் போட்டுக்கொண்டே.

"அன்னிக்கு நான் பாக்கறதுக்கு வாங்க வந்தேன். இது முதலாளி பாக்கறதுக்கு."

மாலை மூன்று மணிக்குப் பேக்கிங் பெண் மறுபடி சிரித்தாள். வெறும் பல்லை மட்டும் எடுத்தால் போன் அதைக் கண்டுகொள்ளவில்லை; முகம் ஒன்று இருந்தால்தான் அதற்கு உற்சாகம் வருகிறது. ஆப்பில் இடதுபக்கம் முதலாளியின் சிரிப்பு, வலதுபக்கம் பேக்கிங் பெண்ணின் உதடுகளும் அந்தப் பல்லும். வெள்ளைக்கு வெள்ளை. ஒரு நிமிடம் ஆவதற்குள் பச்சை விழுந்தது. பின்னாலேயே குரல்.

"ஒண்ணுமில்ல, ஒரே ஒரு விஷயம். போன் வாங்கிட்டபோல. பாத்தியா, கையில ஒரு நல்ல போன் வந்ததும் வேலை எப்படி மாறுதுன்னு? இதைத்தான் நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்..."

வியாழன் மதியம் அவள் சோற்று டப்பாவைத் திறக்காமல் தொலைபேசிப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்ததெல்லாம் சரி. இப்போது முதலாளி டாக்டரின் கிளினிக்கில் நிஜக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தனக்கு இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும் பற்களில் ஒன்றுகூட அங்கே இருக்காது. அதற்கும் புதுப் பல்தான் காரணம் என்று சொல்லிவிட்டால்? இரண்டே கால் மணிக்கு லேபின் தொலைபேசி அடித்தது. டாக்டர்தான்.

"ஷேடக்காவா? டப்பாவைத் திறந்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு. போட்டோல வெள்ளை, பஞ்சுல மஞ்சள். வாயில வச்சுப் பாத்தா, எது புதுசுன்னு எனக்கே தெரியல."

"சார் என்ன சொன்னாரு?"

"கண்ணாடியில பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. உங்க கிளினிக் லைட்டு சரியில்ல டாக்டர்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவரோட போன்ல ஒரு போட்டோ எடுத்தாரு. எல்லாம் சரியாப் போச்சு. லைட்டை மாத்தறேன்னு சொல்லி அனுப்பி வச்சேன். அவர்கிட்ட நம்பர் கிம்பர் எதுவும் சொல்லிடாதீங்கம்மா."

"நீங்களும் சொல்லிடாதீங்க டாக்டர்."

நான்கு மணிக்கு முதலாளி வந்து எல்லாரையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். "போட்டோல இருந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்" என்றார். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "எப்படி இவ்வளவு கரெக்டா வந்துச்சு?" என்று ஷேடக்காவைக் கேட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவளைப் பதிலுக்காகக் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அதை வீணாக்க விரும்பவில்லை.

"போட்டோவோட சேத்து உங்களை நேர்லயும் பாத்தேன் சார். செவ்வாக்கிழமை ஜன்னல்ல வந்து பேசினீங்களே, அப்ப."

அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். "ஆமா, கைடு பண்ணேன்ல."

"நல்லா கைடு பண்ணீங்க சார். ஆனா எல்லா நோயாளியும் இங்க வந்து நிக்க முடியாது. அதனால சார் சொல்ற மாதிரி, போட்டோல ஒரு மாதிரிப் பல்லைப் பிடிச்சு எடுக்கச் சொன்னா, எல்லாக் கேஸும் உங்க கேஸ் மாதிரியே வந்துடும்."

"நான் சொன்னேனா?"

"மாமா எப்பவோ சொல்லிட்டாரே" என்றார் மேடம். மாமா சொன்னதை மறுத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை, சொல்லாததையும் அப்படித்தான். தவிர, வீடியோவுக்கு இனி ஜன்னல் வேண்டாம் என்று அன்று மதியம்தான் முடிவு செய்திருந்தார். முதலாளியின் போன் மாதிரியே ஒன்று வாங்கிப் பார்த்ததில், எந்த மூலையில் எடுத்தாலும் வெளிச்சமாகவே விழுகிறதாம்.

விருது வாங்கப் போகும் வழியில், காரிலிருந்தே, முதலாளி எல்லா கிளினிக்குக்கும் ஒரு குரல் அனுப்பினார். ஷேடக்கா அதை வாழ்க்கையில் முதல் தடவையாக முழுதும் கேட்டாள். மாதிரிப் பல் பிடிக்காத படத்தை லேப் ஏற்காது. பிடிக்காமல் அனுப்பி நிறம் மாறினால் அது லேபின் ரிடர்ன் கணக்கில் சேராது. இவ்வளவு சாதாரணமான ஒரு விஷயம் இத்தனை வருடமாக ஏன் யாருடைய மூளைக்கும் எட்டவில்லை என்று கடைசி இரண்டு நிமிடம் வருத்தப்பட்டிருந்தார். அவள், "சரி சார்" என்று பதில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலில் அவள் உட்கார்ந்ததும் முதல் படம் வந்தது. ஒரு கிழவரின் சிரிப்பு, பக்கத்தில் ஒரு விரலும் மாதிரிப் பல்லும். கிளினிக்காரர்கள் சொன்னபடி செய்துவிட்டார்கள். மாதிரிப் பல்லைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். எண் இருக்கும் இடத்தில் விரல் இருந்தது. ஷேடக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நகம் மட்டும் அழகாக, இளமையாக இருந்தது. அவள் புதுப் போனை எடுத்து கிளினிக்கைக் கூப்பிட்டாள்.